நான் ஒளித்து வைத்த இரண்டாம் பாகம்

புத்தகத்துக்கு எண் போடுவது, அடுக்குவது, கரையானிடமிருந்து காப்பாற்றுவது இதையெல்லாம் சொல்லித்தர இப்போது உங்களுக்கு வகுப்பும் பரீட்சையும் இருக்கின்றன. என்னிடம் அவற்றைக் கேட்காதீர்கள். நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் உங்கள் ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் முப்பது வருடங்களுக்கு மேல் நூலகங்களில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன். ஒரு புத்தகத்தை நான் ஒளித்து வைத்த கதை அது. அதனால் ஒரு பெண்ணின் கால் குட்டையாகிப்போனதும் அந்தக் கதையில்தான் வருகிறது.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று எல்லை பிரித்துக்கொண்டிருந்த வருடங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. வெதுருகுப்பம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் ஏர் பிடிக்காமல் பிழைக்கப் புறப்பட்ட முதல் ஆள் நான்தான். புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய கிளை நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. என் நைனாவுக்கு அதில் பெரிய திருப்தி இல்லை. "புஸ்தகத்தை எடுத்துக் குடுத்துட்டு, திருப்பி வாங்கி வெக்கிறதெல்லாம் ஒரு வேலையாடா?" என்று கேட்டார். எனக்கு என்னவோ அதைவிட உயர்ந்த உத்தியோகம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. காரணம் சேவை மனப்பான்மை ஒன்றும் இல்லை. ஒரு அறை நிறையப் புத்தகம், அதற்குச் சாவி என் இடுப்பில். அவ்வளவுதான்.

அந்த வட்டாரம் எதற்குப் பேர் போனது என்று உங்களுக்குத் தெரியும். கை கால் முறிந்தவர்கள் நாலா திசையிலிருந்தும் கட்டுப் போட்டுக்கொள்ள வருவார்கள். எங்கள் நூலகத்திலிருந்து அரை மைல் தூரத்தில் ஒரு கட்டு வைத்தியர் இருந்தார். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். கால் முறிந்தவர்கள் ஒன்றரை மாதம் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. அவர்களும், கை, விலா என்று மோசமாக முறிந்த மற்றவர்களும் தங்குவதற்கு ஓலைக் கொட்டகை ஒன்று போட்டு, ஏழு கட்டில்கள் வைத்திருந்தார். எலும்பு கூடும்வரை அந்த ஏழு பேருக்கும் கூரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஒரு வாசகனுக்கு வேண்டிய எல்லாத் தகுதியும் அவர்களிடம் இருந்தது, எழுத்தறிவைத் தவிர. நான் எங்கள் நூலகரிடம் அனுமதி வாங்கி, தினம் மத்தியானம் நாலைந்து புத்தகங்களைப் பையில் போட்டு அங்கே எடுத்துப் போக ஆரம்பித்தேன்.

கொட்டகையில் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். பெயர் நாகம்மா. முப்பது வயது இருக்கும். வரதய்யபாளையத்தைத் தாண்டி ஏதோ ஓர் எல்லை ஊர். சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது, குடும்பமே கூலி வேலை. கரும்பு ஏற்றிய வண்டி கவிழ்ந்து வலது காலில் முழங்காலுக்குக் கீழே முறிந்துவிட்டது. அவர்கள் ஊரில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்திய ஒரு டீச்சரம்மாவிடம் எழுத்துக் கூட்டப் பழகியவர். விரலை வரியின் மேல் வைத்து, வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு விளங்கும். மனசுக்குள் படிப்பது என்ற வித்தை அவருக்குக் கைவரவில்லை. அதனால் ஒருவர் படிக்க ஏழு கட்டிலும் கேட்டது.

நான் ஒரு நாள் கொண்டுபோன புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, முதல் தாளும் இல்லை. யார் எழுதியது, என்ன பெயர், ஒன்றும் தெரியாது. பைண்டிங் செய்தவர் காக்கி அட்டை போட்டு முதுகில் 'ருஷ்யக் கதை 1' என்று எழுதியிருந்தார். அதன் ஜோடி 'ருஷ்யக் கதை 2' எங்கள் அலமாரியில் இருந்தது. தமிழில் மொழிபெயர்த்த பெரிய நாவல். ஆட்களின் பெயர்கள் நாக்கில் நிற்காதவை. நாகம்மா இரண்டாம் நாளே அவற்றை ஒதுக்கிவிட்டு, ஒருவனை ஜமீன்தார் என்றும் இன்னொருவனை வண்டிக்காரன் என்றும் ஆக்கிக்கொண்டார்.

ஆற்றங்கரையில் மாளிகை கட்டி வாழும் ஜமீன்தார். அந்தக் கரையில் அவரிடம் மட்டும்தான் நல்ல படகு. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஏழைகள் படும் பாட்டைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசும்போது அவருக்குக் கண் கலங்கும். ஆனால் தன் பொருளை இன்னொருவர் தொட்டால் மட்டும் பொறுக்காது. பனி உடைந்து ஆறு பெருகிய ஒரு காலையில், அவரிடம் முன்பு கோச்சு வண்டி ஓட்டியவன் வந்து சேற்றில் மண்டியிடுகிறான். குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது, வைத்தியர் அக்கரையில் இருக்கிறார், படகு வேண்டும். படகுக்கு அப்போதுதான் புதுச் சாயம் அடித்திருக்கிறது. மறுநாள் விருந்தாளிகள் அதில்தான் வரவேண்டும். ஜமீன்தார் ஜன்னல் வழியாக அவனைப் பார்க்கிறார். அத்தோடு முதல் பாகம் முடிந்துவிட்டது.

பின்னாளில் ருஷ்ய நாவல்கள் நிறைய படித்தேன். அவற்றில் வரும் சுயநலக்காரர்களைப் போல வேறெங்கும் பார்க்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறவர்கள் இல்லை அவர்கள். படித்தவர்கள், நன்றாகப் பேசுகிறவர்கள். தாங்கள் செய்வதற்கு ஒரு நல்ல காரணம் எப்போதும் அவர்கள் கையில் தயாராக இருக்கும். இதையெல்லாம் யோசிக்கிற பக்குவம் அன்றைக்கு எனக்குக் கிடையாது.

முதல் பாகம் முடிந்த மத்தியானம் கொட்டகையே இரண்டாகப் பிரிந்தது. எல்லைத் தகராறு தோற்றுவிடும். அந்தக் கூட்டத்தில் சுப்பய்யாவும் சேர்த்தி. ரயிலடியிலிருந்து நோயாளிகளைக் குதிரை வண்டியில் ஏற்றி வரும் ஜட்காக்காரர். தெலுங்குக்காரர், ஆனால் தமிழ் கேட்டால் முழுசாகப் புரியும். கதை நடக்கிற நேரத்தில் அவரை எழுப்பி வண்டி கட்டச் சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

"இஸ்தாடும்மா, குடுத்துடுவான்" என்றார் சுப்பய்யா. "எத்தனை வருசம் அவனுக்கு வண்டி ஓட்டினவன் காதா? பாசம் இருக்காதா?"

"பாசம் கீதோ இல்லியோ, புதுச் சாயம் கீதே" என்றார் இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்த ஒரு மாம்பழத் தோட்டக்காரர்.

நாகம்மா புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "எதுக்குச் சண்டை? தம்பி, நாளைக்கு ரெண்டாவுதை எடுத்துகினு வா. தெரிஞ்சிட்டுப் போவுது."

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த முதல் பாகத்தை நான் படித்ததே கிடையாது. வாசல் பக்கம் குந்திக்கொண்டு நாகம்மா படிக்கப் படிக்கக் கேட்டதுதான். ஒரு வரியை அவர் எட்டிப் பிடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். ஆனாலும் ஒரு நாள்கூட எழுந்து வரவில்லை. அந்தக் கதையை எனக்குக் கொடுத்தவரே அவர்தான்.

நூலகத்துக்குத் திரும்பினால் எங்கள் நூலகர் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லை பிரித்ததும் தமிழ்ப் பக்கம் போகப்போகிற ஊர்களில் புதுக் கிளைகள் திறக்கிறார்களாம். எங்களிடம் உள்ள தமிழ்ப் புத்தகங்களைப் பெட்டி கட்டி வைக்க வேண்டும், பத்து நாளில் லாரி வரும். அவர் தெலுங்குக்காரர்தான். இருந்தாலும் காகிதத்தை மடித்து வைத்தபோது அவர் முகம் நன்றாக இல்லை. "படிக்கிறவங்க இங்கேயே இருக்காங்களேய்யா" என்று மட்டும் சொன்னார்.

நான் போய் இரண்டாம் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்தேன். படகு கிடைத்ததா இல்லையா என்று மட்டும் பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன். முதல் அத்தியாயத்தில் அது தெரிந்துவிட்டது. கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

என் மூளை மிக நேர்த்தியாக வேலை செய்தது. நாகம்மா விரல் வைத்துப் படித்தால் இது முடிய ஒரு மாதம் ஆகும். லாரி பத்து நாளில் வந்துவிடும். கொடுத்தால் அவரும் முடிக்க மாட்டார், நானும் முடிக்க மாட்டேன். நான் வைத்துக்கொண்டால் ஒருவராவது முடிக்கலாம். தவிர அவர்கள் பொழுதுபோக்குக்குக் கதை கேட்கிறவர்கள், நானோ இலக்கியம் படிக்கிறவன். இதில் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். ஜமீன்தார் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால்கூட இவ்வளவு அழகாக எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்.

மறுநாள் கொட்டகையில், "ரெண்டாம் பாகம் கெடைக்கலக்கா. யாரோ எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தரல" என்றேன். ஏழு கட்டில்களிலிருந்தும் ஒரு பெருமூச்சு வந்தது.

நாகம்மா என்னைத் தேற்றினார். "நீ இன்னா பண்ணுவே தம்பி? அலமாரிக்குப் பின்னால வுழுந்திருக்கும். நல்லாப் பாரு."

அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். நான்காம் நாளிலிருந்து நான் கொட்டகைக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பெட்டி கட்டும் வேலை என்று சாக்குச் சொல்லி அனுப்பினேன். வேலை இருந்தது உண்மைதான். மத்தியானம் நூலகர் சாப்பிடப் போகும் இரண்டு மணி நேரம் நான் கதவைச் சாத்திவிட்டு மேசையில் உட்கார்ந்து படித்தேன். நல்ல புத்தகம் கையில் இருந்தால் நான் வேகமாகப் படிக்கிறவன் அல்ல, மிட்டாயைக் கரைப்பதுபோல் மெதுவாகத்தான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம். சுற்றிலும் பெட்டிகள். நான் படித்துக்கொண்டிருக்கிறேன். வெளியே படியில் ஒரு சத்தம். ஒரு காலடி, ஒரு கம்பு, பிறகு எதையோ தரையில் இழுக்கும் ஓசை. மறுபடியும் ஒரு காலடி. கதவு திறந்தது.

நாகம்மா நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. இடது கையில் ஒரு மூங்கில் கம்பு, வலது காலில் கட்டு, அந்தக் கட்டின்மேல் அரை மைல் புழுதி. அந்தப் படியை அதற்கு முன்னால் அவர் ஏறியதில்லை. சந்தைக்கு வந்தபோதெல்லாம் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறார். நாகம்மாவைப் போன்ற கூலிக்கார ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்று எங்கள் நூலகத்தில் யாரும் சொன்னது கிடையாது. வாருங்கள் என்றும் யாரும் சொன்னது கிடையாது, என்னையும் சேர்த்து.

"பொட்டியெல்லாம் போவப் போவுதாமே, சுப்பய்யா சொன்னாரு" என்றார் மூச்சு வாங்க. "எங்க ஊரு இந்தப் பக்கம் வருது, புஸ்தகம் அந்தப் பக்கம் போவுதா? நல்ல வேடிக்கை. சரி, நீ ஒண்டி ஆளு எவ்ளோ தேடுவே? நானும் ஒரு கை தேடலாம்னு வந்தேன்."

எனக்கு உதவி செய்ய வந்திருக்கிறார். நான் புத்தகத்தை மூடினேன். மூடியதுதான் தப்பு. அதன் முதுகு அவர் பக்கம் திரும்பிவிட்டது. எழுத்தைப் பார்த்தால் வாய்விட்டுப் படிக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

"ரு... ஷ்... ய... க்... க... தை" என்று கூட்டினார். "ரெண்டு."

நான் தரையைப் பார்த்தேன். வசவுக்காகக் காத்திருந்தேன். அவர் பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"குடுத்தானா?" என்று கேட்டார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை.

"படகு தம்பி. குடுத்தானா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நெனச்சேன்" என்றார். அப்புறம் அவர் கண்கள் சொருக ஆரம்பித்தன. கால் கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஓடிப்போய் சுப்பய்யாவின் ஜட்காவைக் கூட்டி வந்தேன். நானும் அவருமாகத் தூக்கி ஏற்றினோம். நான் கூடப் போகவில்லை. நூலகத்தைத் திறந்து போட்டுவிட்டு எப்படி வருவது என்று சுப்பய்யாவிடம் சொன்னேன். மறுபடியும் ஒரு நல்ல காரணம்.

கட்டைப் பிரித்துப் பார்த்த வைத்தியர், கூடி வந்த எலும்பு நழுவிவிட்டது என்றார். இழுத்துச் சரிப்படுத்தி மறுபடி கட்ட வேண்டியிருந்தது. நாகம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாகச் சொன்னார்கள். இன்னும் ஒன்றரை மாதம். அப்புறமும் அந்தக் கால் ஒரு விரற்கடை குட்டையாகத்தான் நிற்கும்.

மறுநாள் காலை சுப்பய்யா ஜட்காவை நூலக வாசலில் நிறுத்தினார். "பாபு, ஏறு. நாகம்மா உன்னைக் கூட்டிகினு வரச் சொல்லிச்சு."

நாகம்மாவின் அண்ணன் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மூட்டை தூக்குகிற ஆள். அங்கே கொண்டுபோய் நடுவில் நிற்க வைத்து உதைக்கப் போகிறார்கள், அல்லது மேலிடத்துக்கு மனு எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கி வேலையைப் பறிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வேலை இருப்பதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அதற்கடுத்த நாளும் வந்தார். அன்றும் ஏறவில்லை. சுப்பய்யா கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

லாரி, சர்க்கார் வழக்கம்போல், சொன்ன நாளில் வரவில்லை. அன்று மத்தியானம், இரண்டு நாளாகத் தொடாமல் இருந்த புத்தகத்தை எடுத்தேன். கடைசி அத்தியாயம்தான் பாக்கி.

குழந்தை இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மறுபடியும் வெள்ளம். ஜமீன்தாரின் மாளிகையைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது. அவருடைய படகை அவருடைய சொந்தக்காரர்களே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசல்படியில் தனியாக நிற்கிறார். அப்போது ஒரு ஓட்டைப் படகைத் தள்ளிக்கொண்டு அந்த வண்டிக்காரன் வருகிறான். கையை நீட்டி, ஏறுங்கள் எஜமான் என்கிறான். ஜமீன்தார் அந்தக் கையைப் பார்க்கிறார். இவனுடைய இடத்தில் தான் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசிக்கிறார். நடு ஆற்றில் தள்ளிவிட்டிருப்போம் என்று தோன்றுகிறது. அதனால் ஏறவில்லை. வண்டிக்காரன் முடிந்தவரை காத்திருந்துவிட்டுப் போகிறான். தண்ணீர் ஏறுகிறது. கதை அவ்வளவுதான்.

வாசலில் ஜட்கா வந்து நின்றதும், நான் ஏறாமல் இருந்ததும் கண் முன்னால் வந்தன. அன்றுவரை தப்புச் செய்தவனுக்குத் தண்டனையை வேறு யாராவது கொடுக்க வேண்டும் என்று நம்பியிருந்தேன். மற்றவர்களும் தன்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று ஒருவன் முடிவு கட்டிவிட்டால் அதற்குமேல் யாரும் அவனை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்பது அந்த மேசையில்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

நூலகர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"இது யாரு பேருல இருக்கு?"

"யாரு பேருலயும் இல்லீங்க சார்."

"அந்தம்மா பேருல எழுது. வாசகர் கையில இருக்கிற புஸ்தகத்தைப் பொட்டியில கட்ட முடியாது. ரூல்ஸ் ஒப்புக்காது" என்றார். பிறகு, "உன்னைப் பத்தி அப்புறம் பேசறேன்" என்றார். மூன்று வருடம் அவரிடம் வேலை பார்த்தேன், அப்புறம் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை.

ரயிலடியில் சுப்பய்யா குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் ஜட்காவில் ஏறி உட்கார்ந்தேன். அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "ஏம் பாபு, இன்னிக்கு வேலை லேதா?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கட்டினார்.

கொட்டகை வாசலில் நாகம்மாவின் அண்ணன் நின்றார். என்னைப் பார்த்ததும் உள்ளே போனார். கம்பு எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தார்.

நாகம்மா மல்லாந்து படுத்திருந்தார். இரண்டு நாளில் முகம் பாதியாகியிருந்தது. காலை அசைக்கக் கூடாது, எழுந்து உட்காரக் கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"எத்தினி வாட்டி ஆளனுப்பறது உனுக்கு?" என்றார். "என்னால ஒக்காரவும் முடியல, புஸ்தகத்தைத் தூக்கிப் புடிக்கவும் முடியல. இங்க வேற யாருக்குப் படிக்கத் தெரியும்? நீ வந்து படிப்பேன்னு பாத்தா, வேலை கீதுன்றியாமே?"

அதற்காகத்தான் வண்டி அனுப்பியிருக்கிறார். வேறு எதற்கும் இல்லை.

"அடிக்கத்தான் கூப்பிடறீங்கன்னு பயந்துட்டேன் அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்த தோட்டக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அடிக்கலாம்தான்" என்றார். "எந்தக் கையால?" அப்புறம் அவர்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கு விலா எலும்புக் கட்டு வலித்தது. நாகம்மாவும் சிரித்தார், காலை அசைக்காமல்.

பன்னிரண்டு நாட்கள் படித்தேன். நூலகர் தினம் இரண்டு மணி நேரம் என்னை விட்டார். இடையில் லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. முதல் பாகமும் அதில் போய்விட்டது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு சபலம். ஜமீன்தார் அந்தக் கையைப் பிடித்துப் படகில் ஏறிவிட்டதாக மாற்றிப் படித்துவிடலாம். வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது. நாகம்மாவால் எட்டிப் பார்க்க முடியாது. கொட்டகையே அதைத்தான் எதிர்பார்த்தது, குறிப்பாக சுப்பய்யா. வலியில் கிடக்கிறவர்களுக்கு ஒரு நல்ல முடிவைக் கொடுத்தால் என்ன? ஆனால் ஒரு தடவை அவர்களுடைய புத்தகத்தை அவர்களிடமிருந்து மறைத்தவன் நான். மறுபடியும் மறைக்க மனசு வரவில்லை. உள்ளதை உள்ளபடி படித்தேன்.

"ஏறி இருக்கலாம் காதா" என்றார் சுப்பய்யா, நான் படித்து முடித்ததும். "சண்டாளுடு. கை நீட்டினான் காதா?"

"அவனுக்கு பயம்" என்றார் நாகம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டே. "குடுத்துப் பழகினாத்தானே வாங்கத் தெரியும்?" பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார். "நீ ரெண்டு நாளு கழிச்சாச்சும் ஏறி வந்தே இல்ல? போதும், வுடு. தொண்டை கட்டிகினு கீது பாரு உனுக்கு. தண்ணி குடி."

மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் இருவருக்கும் நடுவில் அன்றும் வரவில்லை, என்றும் வரவில்லை.

ஆனால் கால் குட்டையானது குட்டையானதுதான். அதை நான் எந்த நல்ல வார்த்தையாலும் மூடி வைக்க விரும்பவில்லை. சேற்றில் இறங்கி நாற்று நட நாகம்மாவால் முடியாமல் போயிற்று. களத்து வேலைக்கு மட்டும் போனார், அதுவும் கூப்பிட்டால்தான். சந்தை நாளில் பஸ் ஏறி நூலகத்துக்கு வருவார். தமிழ்ப் புத்தகங்கள் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தன. அவை தீர்ந்ததும் என்னிடம் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொண்டார். "இன்னா பண்றது, கதை அதுலதானே கீது?" என்பார். அவர் படி ஏறும் ஓசை எனக்குத் தனியாகத் தெரியும், ஒரு காலடி கனமாக, ஒன்று லேசாக. கேட்டதும் எழுந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானே படியில் இறங்கிவிடுவேன். அவருக்கு அது பிடிக்காது. "ஏறி வரேன் இரு, இன்னா அவசரம்?" என்று அதட்டுவார்.

உங்களுக்கும் ஒரு நாள் அப்படி ஒரு புத்தகம் கையில் மாட்டும். நாம் முதலில் படித்துவிட்டுக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். தோன்றுவது தப்பில்லை, எனக்குக் கடைசி நாள் வரை தோன்றியது. அப்போதெல்லாம் நான் படியில் ஏதாவது ஓசை கேட்கிறதா என்று காது கொடுப்பேன்.

சித்தூருக்கு மாற்றல் வந்தபோது, போகும் முன் நாகம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அந்த இரண்டாம் பாகம் அவர் வீட்டுப் பெட்டியில் துணி சுற்றி இருந்தது. வருடா வருடம் அவர் பேரிலேயே புதுப்பித்துக்கொண்டு வந்தேன்.

"முதல் பாகம் எங்க கீது தம்பி?" என்று கேட்டார்.

பெட்டிகள் போன ஊரின் பெயர் பட்டியலில் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

"அப்போ அங்க யாராச்சும் அதைப் படிச்சிட்டு, அவன் சேத்துல மண்டி போட்டுகினு நிக்கிறதோட நின்னுபோயிருப்பாங்க இல்ல?"

மறுநாளே நூலகரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் கிளம்பினோம். அந்தப் பக்கத்து நூலகத்துக்குப் படிகள் அதிகம். புத்தகத்தை நான் கேட்டும் அவர் தரவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். உள்ளே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார், உங்கள் வயதுதான் இருக்கும். காக்கி அட்டை போட்ட முதல் பாகம் அவருக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நாகம்மா இரண்டாம் பாகத்தை மேசைமேல் வைத்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாகம்மாவின் காலைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கீங்களே, இதை யாராவது கேட்டிருந்தாங்களா?"

"யாரும் கேக்கலம்மா" என்றார் நாகம்மா. "கேக்கறதுக்குன்னு யாரும் நடந்து வரவேணாம், அதான் நாங்களே எடுத்துகினு வந்துட்டோம்."